சத்து மாத்திரை ஸ்டென்ட்டைக் காக்குமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 61. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறோம். ஒன்பது மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து மதுரையில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரைக்காக 12 ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மாரடைப்புக்குப் பிறகு கவுச்சியை அடியோடு விட்டுவிட்டார். பால், முட்டைகூடக் கொழுப்பு என்று தொடுவதில்லை. சென்ற மாதம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போன முழு உடல் பரிசோதனையில் ‘ஹோமோசிஸ்டீன் 24’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் எங்கள் உறவினர் ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றும் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்து, இது ரத்தக்குழாயைச் சுத்தம் செய்யும், ஸ்டென்ட் அடைக்காது என்றார். இவரோ அதை நம்பி, உடம்பு வலிக்கிறது என்று சொல்லி, இரண்டு வாரமாகக் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். இரவில் பாதம் காந்துகிறது என்கிறார். கொடிக்காலுக்குள் செருப்பில்லாமல்தான் இறங்குவது வழக்கம். அங்கே முள் குத்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தையும் விடவில்லை. அந்தச் சத்து மாத்திரை அவருக்குத் தேவையா? கொழுப்பு மாத்திரைக்குப் பதிலாக அது போதுமா?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நாள் கடத்த முடியாது. போதாது. கொழுப்பு மாத்திரையை இன்று இரவே மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். தாங்க முடியாத தசை வலியோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவதோ இருந்தால் மட்டும் தொடங்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருப்பதற்காகக் கொடுத்திருக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகிய இரண்டையும் அவர் விடாமல் சாப்பிடுகிறாரா என்பதையும் அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகாத நிலையில் இதயநோய் மருத்துவர் சொல்லாமல் அவற்றில் எதையும் நிறுத்தக் கூடாது.

இனி அந்தச் சத்து மாத்திரைக்கு வருவோம். உங்கள் உறவினர் சொன்னது முழுக்க அவருடைய கற்பனை அல்ல. ஒரு காலத்தில் உலகெங்கும் பல இதயநோய் மருத்துவர்கள் நம்பிய ஒன்றைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். நாம் உண்ணும் புரதத்தில் மெத்தியோனின் என்ற ஒரு கூறு உண்டு. உடல் அதைப் பயன்படுத்தும்போது இடையில் உண்டாகும் பொருள்தான் ஹோமோசிஸ்டீன். அது சேர்ந்து தேங்கிவிடாமல், ஃபோலிக் அமிலமும் பி12-உம் அதை மீண்டும் மெத்தியோனினாக மாற்றிவிடுகின்றன. பி6 அதை வேறொரு வழியில் சிஸ்டீன் என்ற பொருளாக மாற்றி வெளியேற உதவுகிறது. இந்த மூன்று வைட்டமின்களில் ஒன்று குறைந்தாலும் வாய்க்கால் மடை அடைத்ததுபோல ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் தேங்கும். லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இயல்பு என்பது வழக்கமான கணக்கு.

இதற்கும் ரத்தக்குழாய்க்கும் உள்ள தொடர்பை முதலில் எடுத்துச் சொன்னவர் கில்மர் மெக்கல்லி என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர். பிறவிக் கோளாறினால் ஹோமோசிஸ்டீன் பல மடங்கு ஏறியிருந்த குழந்தைகள், முதியவர்களுக்கு இருப்பதுபோலத் தடித்துச் சிதைந்த ரத்தக்குழாய்களோடு இறந்திருந்ததைப் பார்த்து, இந்தப் பொருளே ரத்தக்குழாயைக் கெடுக்கிறது என்று 1969-ஆம் ஆண்டில் எழுதினார். அப்போது அதைப் பெரிதாக யாரும் ஏற்கவில்லை. பின்னர் ஆயிரக்கணக்கான பெரியவர்களைக் கணக்கெடுத்தபோது, ஹோமோசிஸ்டீன் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததும், ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அந்த அளவு சில வாரங்களிலேயே இறங்கியதும் தெரியவந்தன. மலிவான வைட்டமினைக் கொண்டு மாரடைப்பைத் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பிறந்தது.

அந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்த இன்னொரு சான்றும் இருந்தது. ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக மெல்லிய உயிரணுப் படலம் ஒன்று இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது. ரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்கிறது. அந்தப் படலத்தின் நலத்தை அளக்க ஒரு வழி உண்டு. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, ஐந்து நிமிடம் இறுக்கி வைத்து, பிறகு சட்டென்று தளர்த்தினால், தடைபட்டிருந்த ரத்தம் பாய்ந்து வரும்போது கையின் தமனி எவ்வளவு விரிகிறது என்பதை ஸ்கேனில் பார்க்கலாம். இதயநோயாளிகளிடம் அது சரியாக விரியாது. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சில வாரங்கள் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் அந்த விரிவு நன்றாகவே மேம்பட்டது. ஹோமோசிஸ்டீன் குறைந்ததால்தான் மேம்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. ஃபோலிக் அமிலமே நேரடியாக அந்தப் படலத்துக்கு உதவியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதினார்கள். ‘ரத்தக்குழாயைச் சுத்தம் செய்யும்’ என்ற பேச்சுக்கு அடிப்படை ஏதாவது இருக்கிறதென்றால் இதுதான்.

ஆனால் ஒரு மருந்து கையின் தமனியை விரியச் செய்கிறதா என்பதும், அதைச் சாப்பிடுகிறவருக்கு மறுபடி மாரடைப்பு வராமல் இருக்கிறதா என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு விடை காண, வைட்டமினையும் அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையையும் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். நார்வேயில் மாரடைப்பிலிருந்து மீண்ட 3,749 பேரிடம் நடந்த ‘நார்விட்’ ஆய்வும், இதய ரத்தக்குழாய் நோயோ சர்க்கரை நோயோ இருந்த 5,522 பேரிடம் ஐந்து ஆண்டுகள் நடந்த ‘ஹோப்-2’ ஆய்வும் 2006-இல் வெளியாயின. பிரிட்டனில் மாரடைப்பு வந்து பிழைத்த 12,064 பேரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ‘சர்ச்’ ஆய்வு 2010-இல் வெளியானது. எல்லாவற்றிலும் வைட்டமின் சாப்பிட்டவர்களின் ஹோமோசிஸ்டீன் எதிர்பார்த்தபடியே நன்றாக இறங்கியது. நார்வே ஆய்வில் கால் பங்குக்கும் மேல் குறைந்தது. மாரடைப்பும் இதயநோய் மரணமும் மட்டும் குறையவே இல்லை. நார்வேயில் மூன்று வைட்டமின்களையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் பாதிப்பு சற்றுக் கூடுதலாக இருந்ததுபோலவும் தெரிந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் அதை வைத்து நான் யாரையும் பயமுறுத்துவதில்லை. ஆனால் இத்தனை பேரிடம் இத்தனை ஆண்டுகள் பார்த்தும் நன்மை தென்படவில்லை என்பதை மறைத்து, இதயத்துக்கு நல்லது என்று ஒருவருக்கு எழுதிக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

ஸ்டென்ட் அடைக்காது என்ற பேச்சைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2001-இல் சுவிட்சர்லாந்தில், அடைப்பு நீக்கும் சிகிச்சை செய்துகொண்ட 205 பேரில் ஒரு பாதியினருக்கு இந்த மூன்று வைட்டமின்களையும் ஆறு மாதம் கொடுத்தபோது, மறுபடி குறுகுவது 100-க்கு ஏறத்தாழ 38 பேரிலிருந்து 20 பேராகக் குறைந்தது. பெரும் பரபரப்பை உண்டாக்கிய முடிவு அது. மூன்றே ஆண்டுகளில், 2004-இல், ஸ்டென்ட் வைத்த 636 பேரிடம் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வு அதற்கு நேர்மாறாக வந்தது: வைட்டமின் சாப்பிட்டவர்களில் 100-க்கு 34 அல்லது 35 பேருக்குக் குறுகியது, சாப்பிடாதவர்களில் 26 அல்லது 27 பேருக்குத்தான் குறுகியது. ஃபோலிக் அமிலம் உயிரணுக்கள் பெருகுவதற்கு உதவுகிற பொருள் என்பதால், ஸ்டென்ட்டுக்குள் திசு வளர்வதையும் அது தூண்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஆய்விலேயே, சர்க்கரை நோயாளிகளிடமும் ஹோமோசிஸ்டீன் 15-க்கு மேல் இருந்தவர்களிடமும் இந்தத் தீங்கு தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் இரண்டு கூட்டத்திலும் வருகிறார். மேலும், அன்று வைத்தவை மருந்து பூசாத வெற்று ஸ்டென்ட்டுகள்; இப்போது பெரும்பாலும் வைக்கப்படுபவை, திசு வளராமல் தடுக்கும் மருந்து பூசியவை. ஆகவே இரண்டு வாரம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டாரே, ஸ்டென்ட்டுக்கு என்ன ஆயிற்றோ என்று நீங்கள் கலங்க வேண்டியதில்லை. ஸ்டென்ட்டைத் திறந்து வைத்திருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளும் கொழுப்பு மாத்திரையும்தான் என்பதை மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். கொழுப்பு மாத்திரையின் பயன் 1994-லேயே ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதயநோயாளிகளிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சோதித்து உறுதியானது. அங்கே மரணமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வைட்டமின் மாத்திரைக்கு அப்படி ஒரு முடிவு எங்கும் கிடைத்ததில்லை.

பக்கவாதத்தில் நிலைமை சற்று வேறு. ஹோப்-2 ஆய்வில் பக்கவாதம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2015-இல் சீனாவில் ரத்தக்கொதிப்பு உள்ள 20,702 பேரிடம் எனலாபிரில் மாத்திரையோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, முதல் பக்கவாதம் 100-க்கு 3.4 என்பதிலிருந்து 2.7 ஆகக் குறைந்தது. கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் கலந்து விற்கும் வழக்கம் பரவாத, உணவில் அந்தச் சத்து குறைவாகக் கிடைக்கும் மக்களிடம் இது நடந்தது. ஆகவே சத்துக் குறைபாடு உள்ளவருக்கு அதை ஈடுகட்டினால் பயன் இருக்கலாம் என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. உங்கள் வீட்டுக்காரர் விஷயத்திலும் குறைபாடு என்பதுதான் முக்கியமான சொல்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்த 24 என்ற எண் அன்று. காந்தும் பாதமும், தெரியாமல் குத்திய முள்ளும்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின், வயிற்றுப் புண் வராமல் இருக்க அநேகமாக பான்டோபிரசோல், இவற்றின் மேல் ஒன்பது மாதங்களாகக் கறி, மீன், முட்டை, பால் எதுவுமே இல்லாத சாப்பாடு. இவை மூன்றும் பி12-ஐக் குறைப்பவை. மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் 390 சர்க்கரை நோயாளிகளிடம் நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் பார்த்தபோது, மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களின் பி12 சராசரியாக 19 விழுக்காடு குறைந்திருந்தது, ஹோமோசிஸ்டீனும் கூடியிருந்தது. கல்லீரலில் பி12 சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும் என்பதால், கவுச்சியை விட்ட ஒன்பது மாதம் மட்டும் காரணமாக இருக்காது. சேமிப்பு முன்பே கரைந்துகொண்டிருந்திருக்க வேண்டும். பாதத்தில் காந்தலும் மதமதப்பும், செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பதும் சர்க்கரையால் வரும் நரம்புத் தளர்ச்சியிலும் உண்டு, பி12 குறைபாட்டிலும் உண்டு. இரண்டும் ஒரே காலில் சேர்ந்தும் இருக்கும். சர்க்கரைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால், சரிசெய்யக்கூடிய பாதி நோய் கவனிக்கப்படாமலே போய்விடும்.

அதனால்தான் ஃபோலிக் அமிலத்தை முன்னே விட்டு பி12-ஐப் பின்னே தள்ளக் கூடாது என்கிறோம். பி12 குறைந்திருக்கும் ஒருவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் நிறையக் கொடுத்தால் ரத்தசோகை மறைந்துவிடும்; நரம்பு கெடுவது மட்டும் உள்ளே தொடரும். உறவினர் கொடுத்த மாத்திரையில் பி12-உம் இருப்பதால் அந்த ஆபத்து குறைவுதான். பி6 விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்: அதை அதிக அளவில் நீண்ட காலம் சாப்பிட்டால் அதுவே பாதத்தில் எரிச்சலையும் மதமதப்பையும் உண்டாக்கும். ஏற்கெனவே காந்துகிற பாதத்துக்கு அதைக் காரணமில்லாமல் கொடுப்பது சரியன்று.

அந்த 24 என்ற எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹோமோசிஸ்டீன் பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தை உடனே குளிரில் வைத்துச் சீக்கிரம் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் சாதாரண வெப்பத்தில் வைத்திருந்தால் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனைத் தொடர்ந்து வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மணிக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு என்ற கணக்கில் அளவு ஏறிக்கொண்டே போகும். சோழவந்தானில் காலையில் எடுத்த ரத்தம் பெட்டியில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து வேறு ஊருக்கும் போயிருந்தால், 24-இல் ஒரு பங்கு இந்த வெயிலுக்கும் பயணத்துக்கும் உரியதாக இருக்கலாம். உண்மையாகவே கூடியிருந்தாலும் அதற்குப் பல காரணங்கள் உண்டு: சிறுநீரகம் தளர்ந்திருப்பது, தைராய்டு சுரப்பு குறைந்திருப்பது, புகையிலை, பி12 குறைபாடு. தைராய்டை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், அது குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும், கொழுப்பும் ஏறும், கொழுப்பு மாத்திரையால் தசை வலி வருவதும் எளிதாகும். அவர் சொல்லும் உடம்பு வலிக்கும் அது காரணமாக இருக்கலாம். மாத்திரையே காரணம் என்று தெளிவானால் அளவைக் குறைக்கவோ, அதே இனத்தில் வேறொன்றுக்கு மாற்றவோ முடியும். அதை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது மட்டும் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. அந்தச் சத்து மாத்திரையை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். ரத்தத்தில் பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போனாலும் சரி, ஸ்டென்ட் வைத்த இடத்துக்கே போனாலும் சரி, இரண்டு வாரம் பி12 கலந்த மாத்திரை சாப்பிட்டிருக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ரத்தத்தில் பி12 போதுமானதாகத் தெரியும், உண்மையான குறைபாடு மறைந்துபோகும். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். பி12 மில்லிலிட்டருக்கு 200 பைக்கோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு உறுதி. 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தாலும், இப்படிப்பட்ட பாதத்தோடு வருகிற ஒருவருக்கு நான் சிகிச்சை கொடுத்துவிடுவேன். நாளொன்றுக்கு 1,000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையாகவே போதும். உறிஞ்சும் திறன் குறைந்திருந்தாலும் அந்த அளவில் ஒரு சிறு பங்கு தானாகவே உள்ளே போய்விடும். நரம்புப் பாதிப்பு அதிகமாக இருந்தால் மருத்துவர் ஊசியாகப் போடச் சொல்வார். அப்போது, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஊசி போடுகிறவரிடம் சொல்லி, போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மெட்ஃபார்மினை இதற்காக நிறுத்த வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்திருப்பது தெரிந்தால் இந்த வைட்டமின்களைப் பெரிய அளவில் சாப்பிடவே கூடாது; சர்க்கரையால் சிறுநீரகம் கெட்ட நோயாளிகளிடம் கனடாவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், அவை சிறுநீரகத்தை மேலும் வேகமாகக் கெடுத்தன.

இவையெல்லாம் அவருடைய நரம்புக்காகவும் ரத்தத்துக்காகவும் கொடுக்கும் சிகிச்சை. இதயத்துக்கான சிகிச்சை வேறாகவே நடந்துகொண்டிருக்க வேண்டும். நியாசின் எனப்படும் பி3-ஐயும் நல்ல கொழுப்பு கூடும் என்று சொல்லி யாராவது கொடுக்க வந்தால் வாங்காதீர்கள். 25,000-க்கும் மேற்பட்டோரிடம் பார்த்து 2014-இல் வெளியான ஆய்வில் மாரடைப்பு குறையவில்லை, சர்க்கரைதான் கூடியது.

சாப்பாட்டில் அவர் தன்னை இவ்வளவு வருத்திக்கொள்ளத் தேவையில்லை. கொழுத்த ஆட்டுக்கறியையும் பரோட்டாவையும் விட்டது நல்லதுதான். மீன் அப்படியன்று, கண்மாயில் பிடித்த கெண்டையோ விராலோ குழம்பாக வாரத்தில் இரண்டு நாள் சாப்பிடலாம். ஆடை நீக்கிய பாலும் தயிரும் மோரும் சேர்க்கலாம். முட்டை வாரத்தில் மூன்று நான்கு இருக்கட்டும். இயல்பான பி12 இவற்றில்தான் கிடைக்கும், எந்தக் கீரையிலும் கிடைக்காது. ஃபோலிக் அமிலத்துக்கு மாத்திரை தேட வேண்டியதே இல்லை. அரைக்கீரை, முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் அது நிறைய இருக்கிறது. கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் அந்தச் சத்து தண்ணீரோடு போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

புகையிலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. கொடிக்கால்காரர் வீட்டில் வெற்றிலையைக் குறை சொல்ல நான் வரவில்லை. வெறும் வெற்றிலை அவருடைய இதயத்தைக் கெடுத்ததாக நான் நினைக்கவில்லை. அதில் மடித்துவைக்கும் புகையிலைதான் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றி, நான் மேலே சொன்ன அந்த மெல்லிய படலத்தை ஒவ்வொரு வேளையும் பழுதாக்குகிறது. பாக்கும் வாய்ப்புற்றுக்கு இடம் கொடுக்கும். ரத்தக்குழாயைக் காக்க வேண்டும் என்று அவர் ஒரு மாத்திரையைத் தேடி வாங்கியிருக்கிறார் என்றால், அந்த அக்கறையை இதன் பக்கம் திருப்பச் சொல்லி நீங்களும் பிள்ளைகளும் விடாமல் கேளுங்கள். தனியாக விட முடியவில்லை என்றால் மருத்துவமனையில் அதற்கான ஆலோசனையும் நிக்கோட்டின் மெல்லும் பசையும் கிடைக்கும். மாரடைப்பு வந்து ஓராண்டுகூட ஆகாததால், அதை மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

கடைசியாக அந்த முள். கொடிக்காலுக்குள் செருப்போடு இறங்குவது மரியாதைக் குறைவு என்று அவர் எண்ணுவதை நான் மதிக்கிறேன். ஆனாலும் உணர்வு குறைந்த பாதம் ஈரத்தில் நிற்பதும், முள்ளோ குச்சியோ குத்தினால் தெரியாமல் போவதும் சர்க்கரை நோயாளிக்கு விரலையே இழக்கவைக்கும். கொடிக்காலுக்கு என்று தனியாக ஒரு ஜோடி செருப்பை ஒதுக்கி, வெளியே எங்கும் போடாமல், கழுவி அங்கேயே வைத்துக்கொள்ள அவர் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் மனம் வரவில்லை என்றால், தினமும் மாலையில் அவர் வீடு திரும்பியதும் கால் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு உட்பட இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். புண்ணோ, சிவப்போ, கறுப்போ தெரிந்தால் மஞ்சள் வைத்துக் காத்திராமல் மறுநாள் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள்.